எடுத்து வைக்க மறந்த நாற்காலி

மாத்திரை அக்காவின் அறையில் இன்றைக்கும் இரண்டே நாற்காலிகள்தான். ஒன்று அவளுக்கு, மற்றொன்று வருகிறவருக்கு. நோயாளியோடு கூட யாராவது வந்தால் அவர் நிற்க வேண்டியதுதான். வயதானவர் என்றால் அக்கா தன்னுடையதைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தினர் பரிதாபப்பட்டு ஒருமுறை புது நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது நடைபாதைக்கு வந்துவிட்டது.

"நாற்காலி மேல என்னம்மா கோபம் உனக்கு?" என்று நிர்வாக அலுவலர் கேட்டார்.

"கோபமெல்லாம் இல்ல சார். இடம் பத்தல."

அந்த அறையில் கட்டில் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு இடம். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாத்திரை அக்கா என்பது பழைய பெயர். மனநல ஆலோசகர் ஆவதற்கு முன் அவள் மருந்துக்கடையில் நின்றவள். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு நகர மாட்டார்கள். மாமியார் படுக்கையில் கிடப்பது, பிள்ளை பேசாமல் போனது, தூக்கம் வராதது என்று எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடிப் பலகை மேல் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். முதலாளி முறைப்பார். அக்கா காது கொடுப்பாள். கேட்கிறதுதான் நமக்கு வருகிறது, அதையே படித்துவிட்டால் என்ன என்று தோன்றியபோது அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அஞ்சல் வழியில் ஒரு பட்டம், பிறகு கல்லூரிக்கே போய் மேற்படிப்பு. தன் மகள் வயதுப் பெண்களோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். புருஷன் பைக் மெக்கானிக், நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது.

"ஊர்ல இருக்கறவன் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கப் போறியாம். நேத்து வச்ச ஸ்பேனர் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுக் குடு, உனக்கு நானே பட்டம் தரேன்."

படிப்பின் கடைசிப் பகுதி களப்பயிற்சி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டார்கள். ஊசி போடுவதோ மருந்து எழுதுவதோ இல்லை. நாள்பட்ட நோயாளிகளோடும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம் நடந்ததை மேற்பார்வையாளரிடம் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். மேற்பார்வையாளர் அக்காவைவிடச் சின்னவர், ஆனால் திட்டுவதில் பெரியவர். எல்லாரும் அவரை மேடம் என்றார்கள், அக்காவும்தான். வார்டுக்காரர்கள் அக்காவைப் பேச்சு மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அக்காவுக்குக் கொடுத்த அறை எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால். முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். கதவில் தேய்த்த கண்ணாடி, வெளியே போகிறவர்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கைவைத்த மர நாற்காலி ஒன்று.

அந்த மர நாற்காலிக்கு ஒரு வேலை இருந்தது. செத்துப்போனவரிடம் சொல்ல முடியாமல் போனதைச் சொல்ல வைக்கிற ஒரு முறை உண்டு. எதிரே காலி நாற்காலியைப் போட்டு, அதில் அவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசச் சொல்வார்கள். பேசி முடித்ததும் இடம் மாறி, அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவராகவே பதில் சொல்லச் சொல்வார்கள். கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். செய்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மேடம் இதைக் கற்றுக் கொடுத்த அன்றைக்கே விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

"முடிஞ்சதும் அவங்கள அவங்க இடத்துல திரும்ப உட்கார வைக்கணும். 'நான் இன்னார்'னு வாயால சொல்ல வைக்கணும். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து அந்த நாற்காலியத் தூக்கி ஓரமா வைக்கணும். இது ஆகாம ஒருத்தரையும் கதவத் தாண்ட விடாதீங்க. இன்னொண்ணு, ஆள் உயிரோட இருந்தா என்னைக் கேக்காம நாற்காலி போடக் கூடாது."

அக்கா தலையாட்டினாள். நன்றாகவே தலையாட்டினாள்.

மூன்றாவது மாடியில் வாசல்காரர் வந்து சேர்ந்தது அப்போதுதான். பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே இழுப்பது அவர் உத்தியோகம். "வாங்க, வாங்க! பார்த்தா பிடிக்கும், பிடிச்சா விடாது!" என்று அவர் எடுத்தால் எதிர்ச்சாரியில் போகிறவன் சாலையைக் கடந்து வருவான். அப்படிப்பட்ட தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, துளையில் குழாய், மூச்சே அதன் வழியாகத்தான். இனிமேல் அவர் சிரித்தாலும் சத்தம் வராது, அழுதாலும் வராது. சொல்ல வேண்டியதைச் சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டினார்.

அவர் மனைவி வேறு மாதிரி. அந்தம்மா பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வாசல்காரரே பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று இவளை நலம் விசாரித்தால் உள்ளேயிருந்து அவர் பதில் சொல்வாராம், "நல்லா இருக்கா, நல்லா இருக்கா!" என்று. அவளுக்கு வாய் தேவைப்படவே இல்லை.

பேச்சுப் பயிற்சியாளர் அவருக்குக் கழுத்தில் வைத்து அழுத்துகிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார். அழுத்தினால் உதட்டசைவு பேச்சாக வரும். ஆனால் அது மனுஷக் குரல் இல்லை. கெட்டுப்போன ரேடியோவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இரைச்சல். அவர் முதல் முதலாக அதை அழுத்தி, மனைவியைப் பார்த்து "வா" என்றார். அந்தம்மா முகம் வெளுத்து வார்டை விட்டு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு கட்டிலருகே போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு அக்காவிடம் அனுப்பினாள்.

"எனக்கு அவரு குரலக் கேக்கணும்மா," என்றாள் அந்தம்மா. அக்கா குனிந்துதான் கேட்டாள். "ஒரே ஒரு வாட்டி. ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்பகூட வார்டு ஆளுங்ககிட்ட ஜோக் அடிச்சுக்கிட்டே போனாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அக்காவின் மூளை அங்கேதான் வேலை செய்தது, செய்யாமல் இருந்திருக்கலாம். ஆள் உயிரோடு இருக்கிறார், சரி. குரல்? அது செத்துத்தானே போய்விட்டது? இவள் துக்கப்பட வேண்டியது குரலுக்காகத்தானே? அப்படியென்றால் நாற்காலி ஆளுக்கு இல்லை, குரலுக்கு. மேடம் அன்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால்தான் அக்கா கேட்கவில்லை.

மர நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டாள். அந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டு முணுமுணுவென்று பேசினாள். ஒண்ணுமே சொல்லாமல் உள்ளே போய்விட்டீர்களே என்று கேட்டாள்.

"இப்ப அங்க போய் உட்காருங்கம்மா. அவரா இருந்து பதில் சொல்லுங்க."

அந்தம்மா எழுந்து போய் உட்கார்ந்தாள். பிறகு கால்களை அகட்டி வைத்தாள். இரண்டு கைகளும் நாற்காலிக் கைகளில் அழுத்தமாக உட்கார்ந்தன. தொண்டையை ஒரு செருமல் செருமினாள்.

"வாங்க, வாங்க!"

அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஆம்பிளை உள்ளே வந்துவிட்டார் என்றே நினைத்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

"என்னடி சொல்லணும் உங்கிட்ட?" அறை நிறைந்து வந்தது அந்தக் குரல். "சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் உள்ள போயிருக்க மாட்டேன். அதான் சொல்லல. போதுமா?"

அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், பெருமையாகவும் இருந்தது. முதல் தடவையிலேயே இப்படி வருகிறதே, மேடத்திடம் எப்போது சொல்வோம் என்று துடித்தது மனசு. அந்த நேரம் பார்த்துக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. நர்ஸ்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் குழாய்ல சளி அடைச்சுக்கிச்சு, சீக்கிரம் மேல வாங்க!"

இரண்டு பேரும் அடித்துப் பிடித்து ஓடினார்கள். மேலே சளியை உறிஞ்சி எடுத்து அவர் மூச்சு சீரான பிறகுதான் அக்காவுக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. நாளைக்குச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அந்தம்மா தானாகவே வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய் மர நாற்காலியில் கால் அகட்டி உட்கார்ந்தாள். கடைக்கு ஒருநாள் வந்த வாடிக்கையாளர் ஒருவரின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள், அவர் குரலில். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, இப்ப நீங்க உங்க இடத்துக்கு வரணும்."

"யாரு, அவளா?" அந்தக் குரல் சிரித்தது. "அவ வெளிய நிக்கறா மேடம். கூப்பிடட்டுமா?"

கதவின் தேய்த்த கண்ணாடியில் ஒரு நிழல் நின்றுகொண்டிருந்தது. ஒல்லியான நிழல், தலை கொஞ்சம் குனிந்தபடி. அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நடைபாதை முழுக்கக் காலி. தூரத்தில் எக்ஸ்ரே அறையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அந்தம்மா அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமும் இதே கதை. அக்கா இல்லாத நேரத்திலும் அந்தம்மா அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். பெருக்க வருகிற அம்மாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உங்க ரூம்ல ஒரு ஐயா இருக்காரே, அவரு எப்பங்க எழுந்து போவாரு? நான் பெருக்கணும்ல?"

"உள்ள பார்த்தீங்களா அவரை?"

"எதுக்குப் பாக்கறது? அதான் குரல் கேக்குதே."

மாடியில் நர்ஸ் இன்னொன்று சொன்னாள். வாசல்காரர் மூக்கில் போட்ட சாப்பாட்டுக் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாராம். பலகையில் "அவ எங்க" என்று எழுதி எழுதிக் காட்டுகிறாராம். "மத்தியானம் மட்டும் அமைதியாயிடறாரு மேடம். கண்ண மூடிக்கிட்டு உதடு மட்டும் அசையுது. கடைக்கு ஆள் கூப்பிடற மாதிரி." மத்தியானம்தான் அந்தம்மா கீழே பேசுகிற நேரம். இதை அக்கா நர்ஸிடம் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் சாப்பிடவும் இல்லை. புருஷன் என்னென்னவோ கிண்டல் பண்ணிப் பார்த்துவிட்டு, "ஏய், என்னாச்சு?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, தன் குரல் எப்படி வருமோ என்று அவளுக்கு ஒரு பயம் வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஆரம்பிச்சத முடிச்சு வைக்காம விட்டுட்டீங்க," என்றார். "மேல படுத்திருக்கற மனுஷனுக்கு இப்ப பொண்டாட்டி இல்ல. அந்தப் பொம்பளைக்கு அவளே இல்ல. அவளைத் திரும்ப அவ இடத்துல உட்கார வைக்கணும். குழாயைக் கழுவ, சளி எடுக்க அவதான் கத்துக்கணும், அப்பத்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியும். அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அவ வேணும்."

இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி கண்டார்கள். குரலுக்குச் சொந்தக்காரரையே கீழே கொண்டுவருவது. எதிரே அவர் முகத்தைப் பார்த்தால் அந்தம்மாவுக்குத் தெளியும். அவரும் மெஷினை அழுத்தி, "போதும், எழுந்து வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அப்படித்தான் அக்கா நம்பினாள்.

மத்தியானம் சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அறைக்கு வெளியிலேயே கேட்டது, "பார்த்தா பிடிக்கும், பிடிச்சா விடாது!" அவர் சட்டென்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். கழுத்துக் குழாயில் மூச்சு விசிலடித்தது. மேடம் கதவைத் திறந்தார். அந்தம்மா அவரைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை.

"வாங்க, வாங்க! உள்ள வந்து உட்காருங்க!"

வாசல்காரர் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது. பிறகு அது கரைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சத்தமே இல்லாமல். அவர் உதடுகள் அசைய ஆரம்பித்தன. அந்தம்மா ஒரு வார்த்தை சொல்ல இவர் உதடு அதையே சொல்லும். கொஞ்ச நேரம் போனதும் இவர் உதடு முதலில் அசைந்தது, குரல் அதற்குப் பின்னால் வந்தது. யார் யாரைப் பின்பற்றுகிறார்கள் என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. மெஷினை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைத் தள்ளிவிட்டார். பலகையை எடுத்து, எழுதித் தூக்கிக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

"போதும்," என்றார் மேடம், உரக்க. "அம்மா, எழுந்திருங்க. இங்க வந்து உட்காருங்க."

அந்தம்மா மேடம் சொன்னதைக் காதில் வாங்காமல் அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் கையை நீட்டினார். மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா அந்தம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பி, கிட்டத்தட்ட இழுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். எலும்பும் தோலுமான தோள்.

"சொல்லுங்கம்மா. நீங்க யாரு?"

அக்கா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இவரோட பொண்டாட்டி," என்றது ஒரு சின்னக் குரல்.

அக்காவும் அந்தம்மாவுமாக மர நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். அக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை, அவளுக்கு அப்போது சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அந்தம்மா மேலே போனாள். கழுத்துத் துளையைப் பார்த்து முகம் சுளிக்காமல் குழாயைக் கழட்டினாள், கழுவினாள், மாட்டினாள். கைராசிக்காரி என்றாள் நர்ஸ். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இருவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், சின்னஞ்சிறுசுகள் மாதிரி. அக்காவுக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். மேடம்கூட, "தப்பிச்சீங்க" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார்.

சில நாள் கழித்துப் பேச்சுப் பயிற்சியாளர் அலுத்துக்கொண்டே வந்தார், கையில் ஒரு சின்னப் பெட்டி.

"அந்தத் துணிக்கடைக்காரர் மெஷினைக் கட்டில் மேலயே போட்டுட்டுப் போயிருக்காரு. அது இல்லாம அந்த மனுஷன் எப்படிப் பேசுவாரு? போன் பண்ணி வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அக்கா போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"வாங்க, வாங்க! யாரு பேசறது?"

அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே, மிக நெருக்கத்தில், குழாய் வழியாக ஒரு மூச்சு விசிலடித்துக்கொண்டு போய் வந்தது.

"நான்தான், ஆஸ்பத்திரியில இருந்து. அந்த மெஷின் இங்கயே இருக்கு."

"மெஷின் எதுக்கு மேடம்? அதான் பேசறேனே! கடைக்குக்கூட போன்ல பேசிட்டேன். வீட்ல இருந்தே கூப்பிட்டு ஆள் புடிச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. ரொம்ப நல்லா இருக்கோம்."

விசில் மூச்சு ஒரு கணம் வேகமானது. சிரிக்கிறார் போலிருக்கிறது.

"அம்மாகிட்ட குடுங்க," என்றாள் அக்கா. "ஒரு நிமிஷம். அம்மாகிட்ட நான் பேசணும்."

மறுமுனையில் மூச்சு மட்டும் போய் வந்தது. பிறகு அந்தக் குரல் அன்பாக, வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல் சொன்னது.

"அவ இப்பல்லாம் பேசறதில்லைங்க. கேட்டுக்கிட்டு நிக்கறா. எங்கிட்ட சொல்லுங்க மேடம், என்ன வேணும்?"

அக்காவுக்கு வேண்டியது அந்தம்மாதான். அதை, அந்தக் குரலில் பேசுகிற அவளிடமே எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.